ஆயுதமின்றிக் கூடும் உரிமை



நமது அஞ்சுகிராமம் குமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லை. மேற்கு எல்லையில் இருப்பது களியக்காவிளை. 2020 ஜனவரி 8 இரவு, அங்குள்ள சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். காவலருக்கே இந்தக் கதி என்றால், நம் கையிலும் ஒரு துப்பாக்கி வேண்டாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. துப்பாக்கியை அடியோடு தடை செய்ய வேண்டும் என்பார் வேறு சிலர். நம் நாட்டில் இந்த வாதம் பழையது.

1878-இல் லிட்டன் பிரபு ஆட்சியில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. இந்த ஓரவஞ்சனையை அகிம்சை போதித்த காந்தியடிகளே கண்டித்தார். விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை வேண்டும் என்று 1931-இல் காங்கிரசும் கோரியது.

விடுதலை கிடைத்தது. 1948 ஜனவரி 30 அன்று, உரிமமின்றிக் கைமாறி வந்த ஒரு கைத்துப்பாக்கியின் மூன்று குண்டுகளுக்குக் காந்தியடிகள் பலியானார்.

அதே ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் பழைய கோரிக்கையை நினைவூட்டி, ஆயுதம் ஏந்துவதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. அதை உரிமையாக எழுதிவிட்டால், குற்றமே தொழிலாகக் கொண்டவர்களும் அதைக் கேட்பார்களே என்பது அவரது கவலை. திருத்தம் தோற்றது. மாறாக, 19-ஆம் பிரிவு நமக்கு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தந்தது.

பின்னர் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, காவல்துறை விசாரித்த பிறகே உரிமம் வழங்கப்படுகிறது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 டிசம்பரில் இரண்டாகக் குறைத்தார்கள். ஒன்றே போதும் என்றுதான் அரசு முதலில் முன்மொழிந்தது. எதிர்ப்பு வந்ததால் இரண்டு என்று முடிந்தது. கள்ளத் துப்பாக்கி செய்பவருக்கும் விற்பவருக்கும் ஆயுள் தண்டனை வரை விதிக்கவும் வழி செய்தார்கள். அந்தத் திருத்தம் வந்து ஒரு மாதம் ஆகுமுன்னே களியக்காவிளையில் வெடிச் சத்தம் கேட்டது.

அப்படியானால் சட்டம் வீண்தானா? இல்லை. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். கையில் கம்பு இருந்தால், குறுக்கே விழுந்து தடுக்க அக்கம்பக்கத்தாருக்கு நேரம் கிடைக்கும். அடிபட்டவரை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். மறுவருடம் அவர்கள் ஒரே பந்தியில் உட்காரவும் கூடும். வீட்டில் கைத்துப்பாக்கி இருந்தால் அந்த நேரம் கிடைக்காது. அப்படி நடக்காமல் போன சாவுகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆனால் உரிமம் கேட்டு வருபவரைத்தான் அலுவலகம் விசாரிக்க முடியும். ஒளித்து வைத்திருப்பவரை அதற்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்திருக்கலாம். நம் தெருவில் ஒரு கள்ளத் துப்பாக்கி இருப்பது தெரிந்தும், நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டால், நாளை சிந்தும் இரத்தத்தில் நமக்கும் பங்குண்டு.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவியது ஆண்டவரைக் காப்பாற்றத்தான். ஆயினும் ஆண்டவர் அதைத் திரும்ப உறையில் போடச் சொல்லி, வெட்டுப்பட்டவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். பகையோடு இருக்கும் ஒருவரிடமாவது இந்த வாரம் நாமே முதலில் போய்ப் பேசுவோம். ஆமென்.