பட்டை இல்லை, ஆனா எலி ஏன் தள்ளாடுது?

கோட்ல ஒரு ஃபங்ஷனைத் தூக்கினா, டெஸ்ட் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் நிம்மதியா இருப்போம். எலியில ஒரு ஜீனை நீக்கினவங்க அதை எப்படி உறுதி செய்றாங்க?

அதுக்கு வெஸ்டர்ன் பிளாட்னு ஒரு சோதனை இருக்கு. 1979-ல வந்த முறை. திசுவை அரைச்சு, புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரிச்சு, ஒரு மெல்லிய சவ்வுக்கு மாத்துவாங்க. தேடுற புரதத்தை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியை அது மேல விடுவாங்க. புரதம் இருந்தா பட்டை தெரியும். இல்லைன்னா அந்த இடம் காலி.

1992-ல சூரிக்கில் சார்லஸ் வைஸ்மன் குழு, ப்ரையான் புரதத்துக்கான ஜீனைச் சுண்டெலியில் முடக்கியது. மூளையில் பட்டை இல்லை. எலிகள் சாதாரணமாகவே வளர்ந்தன. அடுத்த வருஷம் இன்னும் பெரிய செய்தி: ஆடுகளைத் தாக்கும் ஸ்க்ரேப்பி நோயை அந்த எலிகளுக்குச் செலுத்தியும் நோய் வரலை. அப்போ இந்தப் புரதத்தைக் குறைச்சே ப்ரையான் நோய்களைத் தடுக்கலாமே என்ற நம்பிக்கை பிறந்தது.

1996-ல நாகசாகியிலிருந்து அதிர்ச்சி. அங்கே உருவாக்கிய எலிகளிலும் பட்டை இல்லை. ஆனா வயசானதும் அவை தள்ளாடின. சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் செத்துக்கிட்டிருந்தன. ப்ரையான் புரதம் இல்லாததுதான் காரணம்னா, அதைக் குறைக்கிற சிகிச்சையே ஆபத்து. ஆனா சூரிக், எடின்பரோ எலிகளுக்கு இந்தத் தள்ளாட்டமே இல்லையே!

விடை 1999-ல கிடைச்சது. நாகசாகியில் ஜீனோடு சேர்த்து, அதுக்கு முன்னால இருந்த ஒரு துண்டும் போயிருந்தது. ஆர்என்ஏவை எந்த இடத்தில் வெட்டி ஒட்டணும்னு காட்டுற அடையாளம் அதில்தான் இருந்தது. அது இல்லாததால, வாசிப்பு பக்கத்து ஜீன் வரைக்கும் ஓடிப் போச்சு. சாதாரணமா விரையில் அதிகம் இருக்கும் டாப்பல் என்ற புரதம் மூளையில் உருவாக ஆரம்பிச்சது. ப்ரையான் புரதம் இல்லாத மூளையில் அது செல்களைக் கொன்றது.

வெஸ்டர்ன் பிளாட் பொய் சொல்லலை. கேட்ட கேள்விக்கு, ப்ரையான் புரதம் இருக்கா என்பதற்கு, சரியாத்தான் பதில் சொன்னது. டாப்பல் பத்தி யாரும் கேட்கலை. அப்படி ஒரு புரதம் இருப்பதே அப்போ தெரியாது. வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு மாதிரி வெட்டின எலிகளை ஒப்பிட்டதால்தான் உண்மை வெளியே வந்தது. ப்ரையான் புரதத்தைக் குறைக்கும் மருந்து என்ற யோசனையும் அதனால்தான் பிழைச்சது.