ஆக்ரோஷமான நாய்களுக்குப் பயிற்சி: அடிப்பது தீர்வாகாது

வளர்ப்பு நாய்களின் ஆக்ரோஷத்துக்குப் பெரும்பாலும் அச்சமோ உடல்வலியோ காரணமாகிறது. எனவே, பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரின் பரிசோதனை அவசியம்.

பயிற்சியின்போது, நாய் அஞ்சும் நபர் அது பதற்றமடையாத தொலைவில் நிறுத்தப்படுகிறார். அவரைக் காணும்போதெல்லாம் நாய்க்கு விருப்பமான உணவு வழங்கப்படுகிறது. அது அமைதியாக இருந்தால் மட்டுமே தொலைவு படிப்படியாகக் குறைக்கப்படும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்; அதுவரை வெளியே அழைத்துச் செல்லும்போது வாய்க்கவசம் அணிவிப்பது பாதுகாப்பானது.

உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்காக நாயை அடித்தால் அச்சம் நீங்காது. எச்சரிக்கை மட்டுமே மறைந்து, அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறும் உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்கீழ் 6 மாதங்கள் வரை சிறை, ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.