குடலிலும் ஒரு வாசல்

கொரோனா என்றதும் இருமலும் மூச்சுத்திணறலும்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அந்நோய் கண்ட சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஏற்படுகிறதே, ஏன்? விடையை அறிய 2003ஆம் ஆண்டின் ஹாங்காங் நகருக்குச் செல்வோம்.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஆமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவியது. சார்ஸும் ஒருவகைக் கொரோனா வைரஸால் வருவதே. 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் மாண்டனர். நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது! எனவே ஆய்வாளர்கள் கழிவுநீர்க் குழாய்களை ஆராய்ந்தனர். குளியலறை வடிகாலின் வளைகுழாயில் எப்போதும் சிறிது நீர் நிற்க வேண்டும். அதுவே கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கும். பல வீடுகளில் அந்நீர் வற்றியிருந்தது. மலத்திலிருந்த வைரஸ் நுண்துளிகளாக அவ்வழியே புகுந்திருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர்.

மலத்திற்கு வைரஸ் எவ்வாறு வந்தது? எந்த வைரஸும் உயிரணுவுக்குள் நுழைந்தால்தான் பெருக முடியும். நுழைவதற்கு, உயிரணுவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஏற்பியைப் பற்றிக்கொள்ள வேண்டும். சார்ஸ் வைரஸின் ஏற்பி எது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2003 நவம்பரில் அறிவித்தனர். அது ஏ.சி.ஈ.-2 என்னும் நொதி. இரத்த அழுத்தத்தைச் சீராக்குவதில் பங்குகொள்வது. 2000ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதனைப் பல உறுப்புகளில் தேடினர். நுரையீரலின் காற்றறைகளில் மட்டுமன்றிச் சிறுகுடலின் உட்பரப்பு உயிரணுக்களிலும் அது மிகுதியாக இருந்தது.

குடலில் அதற்கு என்ன வேலை? நாம் உண்ணும் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றுள் டிரிப்டோஃபான் போன்றவற்றை உறிஞ்சுவதற்கு ஏ.சி.ஈ.-2 துணைநிற்கிறது. இந்நொதி இல்லாத எலிகளின் குடல் எளிதில் அழற்சிக்கு உள்ளாவதை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. ஊட்டத்தை ஏற்க உடல் அமைத்த வாசலே வைரஸுக்கும் வாசலாகிவிடுகிறது!

2019 இறுதியில் வெளிப்பட்ட கோவிட் வைரஸும் இதே ஏற்பியைத்தான் பற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதக் குடல் உயிரணுக்களில் அது பெருகுவதை 2020இல் கண்டனர். கோவிட் முதன்மையாகக் காற்றின் வழியே பரவுவதுதான். எனினும் மலத்துடன் வைரஸின் மரபுப்பொருள் வெளியேறுவதால், ஊர்க் கழிவுநீரைச் சோதித்தே நோய்ப் பரவலை அறியும் முறை பல நாடுகளில் கையாளப்பட்டது.

ஆமாய் கார்டன்ஸ் புகட்டிய பாடம் எளியது. நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கும்போது, குளியலறை வடிகாலில் ஒரு குவளை நீர் ஊற்ற மறவாதீர்கள்.