எங்கே வேலை பார்க்கிறீர்கள்? கம்பம் பள்ளத்தாக்கில் நோயறிதலும் தொழில் பற்றிய விசாரணையும்

1. கருதுகோள்

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இல் தொழிலாளர் நோய்கள் குறித்த தம் நூலை வெளியிட்டார். ஹிப்போக்ரட்டீஸ் காலம் முதல் நோயாளியிடம் கேட்கப்பட்டுவந்த கேள்விகளோடு ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். இன்று மருத்துவம் படிக்கும் எவரும் அந்தக் கேள்வியை அறிவர். ஆனால் கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் அது ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தச் சொல் போதாது. எந்த நிலத்தில், எந்தப் பயிரில், மலையிலா கீழேயா என்பது தெரியாமல் இங்கே பொதுவான நோய்களைக்கூடச் சரியாக இனங்காண முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஒரே காய்ச்சல், மூன்று நிலங்கள்

1895இல் பெரியாற்று நீர் இப்பக்கம் திரும்பியது. இன்று லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வயலை அடுத்துத் தென்னையும் வாழையும் பந்தல் திராட்சையும் உள்ளன. மேற்கே மலையேறினால் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரங்களிலிருந்து பெண்கள் விடியும் முன்பே ஜீப்பில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மேலே சென்று, காய் எடுத்து, களை வெட்டி, பொழுது சாயும்போது இறங்குகிறார்கள்.

நான்கு நாள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்று மூவர் வருவதாகக் கொள்வோம். நாற்று நட்டவருக்கு எலிக்காய்ச்சலை முதலில் நினைக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் கால் வெடிப்பு வழியே கிருமியை உள்ளே விடுகிறது. கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் துப்புகள். மஞ்சள் காமாலையும் சிறுநீர் குறைவதும் அபாய அறிகுறிகள். புதரும் புல்லும் மண்டிய இடத்தில் வேலை செய்தவருக்கு உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) இருக்கலாம். வீட்டில் தொட்டியிலும் குடத்திலும் நீர் பிடித்து வைத்திருப்பவருக்கு டெங்குவுக்கு வாய்ப்பு அதிகம்.

இந்தப் பிரிவினை முக்கியமாவது சிகிச்சை மாறுவதால்தான். உண்ணிக்காய்ச்சலின் கிருமி உயிரணுவுக்குள் வாழ்வது. வழக்கமாகப் போடப்படும் பென்சிலின், செபலோஸ்போரின் ஊசிகள் அதைத் தொடுவதில்லை. டாக்ஸிசைக்ளின் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்துச் சிரைவழி கொடுப்பது, தனித்தனியே கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று 794 நோயாளிகளிடம் நடத்தி 2023இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. டெங்குவுக்கோ எந்த ஆன்டிபயாட்டிக்கும் பயன்படாது. நீர்ச்சத்தும் பாராசிட்டமாலும்தான் துணை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ஆகாது. காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வீட்டார் நிம்மதி அடையும் அந்த நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள்.

உண்ணிக்காய்ச்சலின் சிறந்த தடயம், சிகரெட் சுட்டதுபோல் கருகிய பொருக்கு. அது வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி என ஆடை மறைக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். காய் எடுக்கும் பெண் அதைத் தானே பார்த்திருக்க மாட்டார். கேட்டால் ‘இல்லை’ என்பார். பெண் செவிலியர் திரை மறைவில் தேடிப் பார்த்தால்தான் அகப்படும். அப்படித் தேடத் தூண்டுவது ‘மலைக்குப் போவீர்களா?’ என்ற விசாரணையே.

3. திராட்சைப் பந்தலின் கீழ்

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு மருந்தடிப்பு ஓயாத வேலை. பந்தலுக்குக் கீழே நின்று மேல்நோக்கி அடிக்கும்போது தெளிப்பு அடிப்பவர் மேலேயே இறங்குகிறது. தலைவலி, வாந்தி, வியர்வை என்று அவர் வந்தால் வெயில் அயர்ச்சி என்றோ பித்தம் என்றோ கருதப்படும் வாய்ப்புண்டு. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சிலும் கண்ணீரும் பெருகி, மூச்சு இரைத்தால் அது ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு. உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுவது முதல் சிகிச்சை. அட்ரோபின் ஊசி அடுத்தது. மருந்துப் புட்டியின் சீட்டைக் கையோடு கொண்டுவருவது சோதனைச்சாலை அறிக்கைக்கு முந்திய தகவல்.

நாள்பட்ட இருமலிலும் இதே பாடம் உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடித்த போர்ச்சுக்கல் திராட்சைத் தொழிலாளர்களின் நுரையீரலில் ஒரு தனிவகைப் பாதிப்பை 1969இல் மருத்துவர்கள் விவரித்தனர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை கட்டாயம். அதில் கிருமி இல்லையென்று வந்த பிறகும் இருமல் நீடித்தால், தெளிப்பு வரலாற்றைக் கேட்டாக வேண்டும்.

4. பாம்புக்கடி: கடித்த இடம் எங்கே?

இந்திய நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே தயாராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்களில் எடுப்பான மூக்குள்ள குழிவிரியனும் உண்டு. அதன் கடியும் வீக்கம், ரத்தம் உறையாமை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றைத் தரவல்லது. ஆனால் இம்மருந்து அதற்குப் பலன் தருவதில்லை, ஒவ்வாமை அபாயம் மட்டும் மிஞ்சுகிறது. கண்ணாடி விரியன் கடியைப் போலவே தோன்றும் இதில், கடித்தது வயல் வரப்பிலா, ஏலத்தோட்டத்திலா என்பது மருத்துவரின் முடிவையே மாற்றக்கூடியது. எந்தப் பாம்பு என்ற ஐயம் தீராவிட்டால் நச்சுமுறியைத் தாமதிக்கக் கூடாது. பலனில்லாதபோது மேலும் மேலும் ஏற்றாமல் நிறுத்தி யோசிக்கவே இந்தத் தகவல் உதவும்.

5. மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, தொழிலை வைத்து நோயை ஊகிப்பது மருத்துவரின் கண்ணைக் கட்டிவிடும் என்பது. மலைக்குப் போகிறவருக்கும் டெங்கு வரும் என்பது உண்மை. ஆகவே தொழில் நோயின் பெயரைச் சொல்வதில்லை. எதை முதலில் தேடுவது, எந்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்பதை வரிசைப்படுத்துகிறது. இரண்டாவது, எல்லாக் காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் கொடுத்துவிடலாமே என்பது. உண்ணி, எலி இரண்டுக்கும் அது ஓரளவு பொருந்தும். ஆனால் டெங்கு நோயாளியைப் பொய்யான தெம்போடு வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மூன்றாவது மறுப்பு நேரமின்மை. இதுவே வலுவானது. ஆனால் கேள்வியை மருத்துவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. சீட்டு எழுதும் இடத்திலேயே கேட்கலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்க வீட்டுக்கே செல்லும் பணியாளர்கள் வேலையிடத்தையும் குறித்துவைக்கலாம்.

6. முடிவு

தொற்று நடப்பது இடுக்கியில், படுப்பது தேனியில். முகவரியை மட்டும் எழுதும் பதிவேட்டில் நோய் தேனிக் கணக்கில் ஏறும். தோட்டத்தில் சிற்றுண்ணி ஒழிப்போ பாதுகாப்பு உடையோ கேட்க ஆதாரம் எழாது. ஆகவே கம்பம், போடி, பெரியகுளம் அரசு மருத்துவமனைகளிலும் கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புறநோயாளிச் சீட்டில் ஒரு வரி சேர வேண்டும்: கடந்த மூன்று வாரத்தில் வேலை செய்த இடம், பயிர், அடித்த மருந்து. உண்ணிக்காய்ச்சல் வெளிப்பட மூன்று வாரம் வரை ஆகலாம் என்பதால் இந்தக் கால அளவு. அந்த வரி நிரம்பினால், நோயாளிக்குச் சரியான மாத்திரை கிடைப்பதோடு, மலைக்கு இருபுறமும் உள்ள இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைகளும் ஒரே தொழிலாளியைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதும் எழுத்தில் பதிவாகும்.