வயதுவந்தோர் கவனக்குறைவும் நியூரோஃபீட்பேக்கும்: ஏற்காட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

வயதுவந்தோரின் கவனக்குறைவுக் கோளாறுக்கு (ADHD) மருந்தில்லாச் சிகிச்சை என்று, மூளையலைகளைத் தாமே மாற்றப் பழக்கும் நியூரோஃபீட்பேக் முன்வைக்கப்படுகிறது. பயிற்சி பெறுவோரில் பலர் தேறுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. அத்தேற்றம் மூளையலையைத் திருத்தியதால் வந்ததா என்பதே கேள்வி. இதுவரை கிடைத்த சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1960களில் பேரி ஸ்டெர்மன், உணவைப் பரிசாகத் தந்து பூனைகளின் குறிப்பிட்டதொரு மூளையலையைப் பெருகச் செய்தார். 1976இல் ஜோயல் லூபர் அம்முறையை மிகைச் செயல்பாடு கொண்ட குழந்தையிடம் பயன்படுத்தினார். இன்றைய பயிற்சியும் அதே வழிதான். உச்சந்தலையில் பசை தடவி மின்முனையைப் பொருத்துவார்கள்; காதுமடலில் கிளிப் மாட்டுவார்கள். மெதுவான தீட்டா அலை தணிந்து பீட்டா உயர்ந்தால் திரையில் படம் தெளியும், இல்லையேல் மங்கும். ஆனால் பல்லை இறுகக் கடித்தாலும், தாடைத்தசையின் மின்சாரம் பீட்டா போலவே பதிவாகக்கூடும். கருவி எதற்குப் பரிசளிக்கிறது என்ற ஐயம் இங்கேயே எழுகிறது.

ஷோனன்பெர்க் குழுவினர் 2017இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியிட்ட ஜெர்மன் ஆய்வு இந்த ஐயத்தைச் சோதித்தது. கவனக்குறைவுள்ள வயதுவந்தோர் 118 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவுக்கு 30 அமர்வு நியூரோஃபீட்பேக்; இரண்டாவதற்கு 15 போலி அமர்வும் 15 உண்மை அமர்வும்; மூன்றாவதற்கு நேரத்தையும் வேலையையும் ஒழுங்குபடுத்தக் கற்பிக்கும் 12 அமர்வுக் குழுச்சிகிச்சை. மூன்று குழுக்களிலும் அறிகுறிகள் ஒரேயளவு குறைந்தன. ஆறு மாதம் கழித்தும் அத்தேற்றம் நிலைத்தது.

போலிக் குழுவினரும் பாதி அமர்வுகளில் உண்மைப் பயிற்சி பெற்றார்களே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் முழுக்கப் போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டு 144 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்விலும் சிகிச்சை முடிவில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 5 முதல் 40 வயதுவரையுள்ளோரிடம் நடந்த 38 சோதனைகளைத் தொகுத்த 2024ஆம் ஆண்டுப் பகுப்பாய்வும் குறிப்பிடத்தக்க பயனைக் காணவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், தலைக்காயமுற்றோரிடம் இப்பயிற்சியை ஆராய்ந்துள்ளது. அம்முடிவுகளைக் கவனக்குறைவுக்கு அப்படியே பொருத்த இயலாது. நோயும் வேறு, மீட்சியின் போக்கும் வேறு.

ஆகவே தேற்றத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்: வாரந்தோறும் தவறாத நேரம், தன்மேல் அக்கறை காட்டும் சிகிச்சையாளர், குணமாகும் என்ற எதிர்பார்ப்பு. இவற்றுக்கு மின்முனை தேவையில்லை.

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில், 30 அமர்வுக்கும் 12 அமர்வுக்கும் உள்ள வேறுபாடு கூலிக்கணக்காகிவிடும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் சிகிச்சைக்காகச் சேலம் இறங்கினால் 30 அமர்வுக்கு 30 நாள் கூலி போகும். குழுச்சிகிச்சைக்கு 12 நாளோடு முடியும். குழுவை மலைமேலேயே கூட்டினால் அதுவும் மிச்சம். எந்தச் சிகிச்சைக்கும் முன் மாவட்ட மனநலத் திட்டம் செய்யவேண்டியது முறையான கண்டறிதல்: 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று வீட்டாரிடம் கேட்பது, தூக்கக்கேடு, மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவை காரணமா என்று பிரித்தறிவது. தேவைப்படுவோருக்கு மருந்தும் குழுச்சிகிச்சையும் அதற்கடுத்தவை.

வயதுவந்தோரிடம் முழுமையான போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டு, தெளிவான வேறுபாட்டைக் காட்டும் சோதனைகள் வந்தால் இம்முடிவை மாற்றிக்கொள்ளலாம். அதுவரை நியூரோஃபீட்பேக்கின் இடம் ஆய்வுக்கூடமே. கட்டணம் பெறும் சிகிச்சையறை அன்று.