தோட்டம், பாய், முற்றம்: மழலையர் பாடத்திட்டங்களில் வீட்டுமொழி

மழலையர் கல்விப் பாடத்திட்டங்களை நாடுவாரியாக ஒப்பிடுவோர் பெரும்பாலும் சேர்க்கை வயது, ஆசிரியர் விகிதம், கற்றல் அடைவு ஆகியவற்றையே எடுத்துக்கொள்கின்றனர். குழந்தை வீட்டில் பேசும் மொழிக்கு ஒரு பாடத்திட்டம் என்ன இடம் தருகிறது என்பதும் அதேயளவு முதன்மையான அளவுகோலாகும். ஜெர்மனி, நியூசிலாந்து, இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் வரலாறு இதை விளக்கும்.

1837இல் பாட் பிளாங்கன்பர்க்கில் ஃபிரெடரிக் ஃப்ரோபெல் தொடங்கிய நிறுவனம் 1840இல் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் பெற்றது. கோளம், உருளை, கனசதுரம் முதலிய விளையாட்டுப் பொருள்களோடு, தாய் தன் குழந்தையோடு பாடி விளையாடும் பாடல்களுக்கும் அவர் இடமளித்தார். 1844இல் அவற்றை நூலாக்கினார். 1851இல் பிரஷ்ய அரசு விதித்த தடையையும் கடந்து கிண்டர்கார்ட்டன் உலகெங்கும் பரவியது. பொருள்கள் எளிதில் கப்பலேறின. தாயின் பாடல்களோ பிற நாடுகளுக்கு மொழிபெயர்ப்பாகவே சென்றன.

நியூசிலாந்தில் ஆங்கிலவழிப் பள்ளிகளால் மாவோரி மொழி தலைமுறை தோறும் நலிந்து வந்தது. அதைத் தடுக்க 1982இல் வெலிங்டன் அருகே வைனுயோமாட்டாவில் முதல் 'கோஹாங்கா ரேயோ' தொடங்கப்பட்டது. மொழிக்கூடு என்பது இதன் பொருள். மொழி அறிந்த முதியோரே அங்குக் குழந்தைகளோடு மாவோரியில் பேசிப் பழகினர். 1987இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று. தேசியப் பாடத்திட்டம் உருவானபோது ஹெலன் மே, மார்கரெட் கார் ஆகியோருடன், மொழிக்கூட்டு இயக்கத்தின் சார்பில் டில்லி ரீடி, டமாட்டி ரீடி ஆகியோரும் இணைந்து எழுதினர். 1996இல் வெளிவந்த அதன் பெயர் 'தே ஃபாரிகி', நெய்த பாய். நான்கு நெறிகளும் ஐந்து இழைகளும் ஊடும் பாவுமாக அமைந்த இவ்வாவணத்தின் மாவோரிப் பகுதி ஆங்கிலப் பகுதியின் மொழிபெயர்ப்பன்று, தனக்கென எழுதப்பட்டது.

இந்தியாவில் கிஜுபாய் பதேகா 1920இல் பவநகரில் பால மந்திரைத் தொடங்கி, மாண்டிசோரி முறையைக் குஜராத்தி மொழிக்குள் கொண்டுவந்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945இல் போர்டியிலும், பின்னர் 1957 முதல் கோஸ்பாட்டிலும் வார்லிப் பழங்குடிக் குழந்தைகளிடையே பணியைத் தொடர்ந்தார். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளி அவர்களது வீட்டு முற்றத்துக்குச் சென்றது. இலை, கல், சிப்பி ஆகியவையே கற்றல் கருவிகளாயின. முற்றம் எனப் பொருள்படும் 'ஆங்கன்' என்னும் சொல்லைக் கொண்ட 'ஆங்கன்வாடி' என்ற பெயர் அங்கிருந்தே எழுந்தது.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அப்பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. அதன் ஆறு சேவைகளுள் முன்பள்ளிக் கல்வி ஒன்று. பசியும் நோயும் முதற்கவலையாக இருந்த நாட்டில் ஊட்டச்சத்து முன்னிற்பது இயல்பே. ஆனால் மொழி பற்றிய வினா பின்தங்கியது.

அடித்தள நிலைக்கான 2022ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் வீட்டுமொழியை முதன்மைப் பயிற்றுமொழியாகப் பரிந்துரைக்கிறது. இங்கு மொழியியல் வேறுபாடொன்று கருதத்தக்கது. மகாராஷ்டிரத்தின் ஆட்சிமொழி மராத்தி. வார்லிக் குழந்தையின் வீட்டுமொழி வார்லி. மாநில மொழியை வீட்டுமொழியெனக் கொள்ளும் நடைமுறை, பரிந்துரை காக்க முயலும் குழந்தையையே வெளியே நிறுத்திவிடும்.

நியூசிலாந்தில் வீட்டுமொழியினரே பாடத்திட்டத்தை எழுதும் மேசையில் அமர்ந்தனர். இந்தியாவில் ஆவணம் எழுதப்பட்ட பின்னரே அது அவர்களைச் சென்றடைகிறது. ஒப்பீட்டாய்வு இனி இவ்வேறுபாட்டையும் அளந்தாக வேண்டும். குழந்தையின் வீட்டு முற்றத்திலிருந்தே கல்வியைத் தொடங்கும் முன்மாதிரி, மொழிக்கூடு தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே கோஸ்பாட்டில் இருந்தது.