ஒரு பாம்புக்கு நம்ம ஊர்ப் பெயர்

திருநெல்வேலி என்றதும் எல்லோருக்கும் அல்வாதான் ஞாபகம் வரும். ஆனால் பாம்புகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். நம்ம ஊரை வெள்ளைக்காரர்கள் 'டின்னவெல்லி' என்று அழைத்தார்கள் இல்லையா? அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பாம்பு இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் யூரோபெல்டிஸ் ஆர்க்டிசெப்ஸ். கேடயவால் பாம்பு என்ற வகையைச் சேர்ந்தது.

இந்த மலைகளின் பாம்புக் கதையில் முக்கியமான ஆள் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். 1830-ல் பிறந்து, 1848-ல் சென்னை ராணுவத்துக்கு வந்தவர். பிறகு வனத்துறைக்கு மாறி, 1882 வரை சென்னை மாகாணக் காடுகளின் தலைமை அதிகாரியாக இருந்தார். அவருடைய வேலை மரங்களைக் கவனிப்பது. ஆனால் மலை ஏறிய இடமெல்லாம் பாம்பு, பல்லி, தவளை என்று சேகரித்துக்கொண்டே போனார். நம்ம தென்மலைகளில் கிடைத்த பல்லிகளை 1870-ல் விவரித்து எழுதினார். அவற்றில் ஒன்றுக்கு 1876-ல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்!

அவர் சேகரித்தவற்றில் ஏராளமானவை லண்டன் மியூசியத்துக்குப் போயின. அங்கே இருந்தவர் ஆல்பர்ட் குந்தர். அவரும் 1830-ல் பிறந்தவர்தான். டின்னவெல்லிப் பாம்புக்கு 1875-ல் அறிவியல் பெயர் வைத்தவர் இவரே.

அந்தக் காலத்தில் ஒரு பாம்பைப் 'பார்த்தேன்' என்று நிரூபிக்க வேண்டுமானால் அதைக் கொன்று சாராய பாட்டிலில் போட்டு அனுப்ப வேண்டும். வேறு வழி இல்லை. அப்படி அனுப்பியதிலும் ஒரு குறை இருந்தது. கிடைத்த இடம் என்று பல சமயம் வெறும் 'திருநெல்வேலி மலைகள்' என்றுதான் எழுதினார்கள். எந்த மலை, எந்த ஓடை? தெரியாது.

சரி, இந்தக் கேடயவால் பாம்பு என்ன செய்கிறது? மண்ணுக்குள் வாழ்கிறது, மண்புழு தின்கிறது, குட்டி போடுகிறது. விஷம் கிடையாது. வால் நுனி சொரசொரப்பாக, வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதில் மண் ஒட்டிக்கொண்டு, வளையின் வாசலை அடைக்கக் கதவு போல உதவும். இந்தக் குடும்பத்துப் பாம்புகள் இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. மழை பெய்தால் மேலே வரும். அப்போதுதான் ரோட்டில் வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது.

நாம் குடும்பத்தோடு பாபநாசம் போகிறோம், மணிமுத்தாறு போகிறோம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறோம். யாராவது "பாம்பு!" என்று கத்தினால் முதலில் கம்பைத்தான் தேடுகிறோம். இந்தக் காடுகள் 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி, உடும்பைப் பிடிப்பதுகூடக் குற்றம்.

சட்டத்தை விடுங்கள். பெடோமுக்கு இல்லாத ஒரு வசதி இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. தள்ளி நின்று ஒரு போட்டோ, தேதி, சரியான இடம். இவ்வளவு போதும், அது அவருடைய பாட்டிலைவிடத் துல்லியமான பதிவு! வேலையும் இன்னும் முடிந்துவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று 2024-ல்தான் பிரித்துப் பெயரிட்டார்கள். அவ்வளவு பெரிய பாம்புக்கே இவ்வளவு காலம் ஆனது என்றால், மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பாம்புகளைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். விஷமில்லாதது என்று நினைத்துக்கொண்டு எதையும் கையில் எடுக்காதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். இதே காட்டில் விரியனும் இருக்கிறது. குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தூரத்திலிருந்து காட்டுங்கள். "இது நம்ம ஊர்ப் பெயர் வைத்த பாம்பின் சொந்தக்காரன்" என்று சொல்லிக் கொடுத்தால், அடுத்த முறை அவர்கள் கம்பைத் தேட மாட்டார்கள்.